அடைவுக்குப் போகவிருந்த சங்கிலி

கடந்த மாதம் ஒரு சனிக்கிழமை இறுப்பிட்டிக்குப் போயிருந்தேன். யாழ்ப்பாணத்தில் பேருந்து ஏறி, பண்ணைத் தாம்போதியையும் வேலணையையும் கடந்து, இருபுறமும் கடல் விரிந்து கிடக்கும் வாணர் தாம்போதி வழியாகப் புங்குடுதீவில் இறங்கும்போது எப்போதும் ஏற்படும் அதே உணர்வுதான்: ஆளில்லா வீடுகள், கூரையற்ற சுவர்கள், அவற்றினூடே வளர்ந்துவிட்ட மரங்கள். 1991 இல் வெறிச்சோடிய தீவு அது. போனவர்களில் ஒரு பகுதியினரே திரும்பினர். திரும்பியவர்களில் என் தமக்கையும் ஒருவர்.

தமக்கையின் மகள் தேநீருடன் இரண்டு காகிதங்களையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். ஒன்று யாழ்ப்பாண நகரத்துக் கணினிக் கடையொன்றின் விலைப்பட்டியல். மற்றது சுவிற்சர்லாந்திலுள்ள அவளுடைய அண்ணன் அனுப்பிய செய்தியை அவளுடைய மகன் எழுதிவைத்த குறிப்பு. விலைப்பட்டியலின் கூட்டுத்தொகை மூன்றரை இலட்சம் ரூபாவுக்குச் சற்று மேல். திங்கட்கிழமை காலை தன் கழுத்துச் சங்கிலியை அடைவு வைப்பதற்கு அவள் முடிவு செய்திருந்தாள். "மாமா, நீங்கள் பேப்பரிலை இருந்தனீங்கள், இங்கிலீசும் தெரியும். இது சரியோ பிழையோ எண்டு ஒருக்கால் பார்த்துச் சொல்லுங்கோ" என்றாள்.

பொடியனுக்கு இருபது வயது. கணினியில் விளையாட வேண்டும். விளையாடுவதை உலகத்துக்கு நேரலையாகக் காட்ட வேண்டும். அதிலிருந்து உழைக்க வேண்டும். பத்தாண்டுகளுக்கு முன்னர் என்றால், "போய்ப் படி" என்று ஒரு சொல்லில் முடித்திருப்பேன். (முடித்தும் இருக்கிறேன், வேறொரு பிள்ளைக்கு. அவர் இப்போது ரொறன்ரோவில் காணொளி தொகுத்துச் சம்பாதிக்கிறார். என்னோடு அதிகம் பேசுவதில்லை.) ஆகவே இம்முறை வாயை மூடிக்கொண்டு அந்தக் காகிதங்களை வாங்கிப் பையில் வைத்தேன். இரண்டு வாரம் வாசித்தேன். தெரிந்த தொழில்நுட்பவியலாளர் இருவரை நச்சரித்தேன். அப்படி அறிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே போன்ற காகிதங்கள் வேறு பல வீடுகளின் மேசைகளிலும் கிடக்கும் என்று நினைக்கிறேன்.

முதலில் கடைக்காரரின் பட்டியல். புரொசசர்: இன்டெல் கோர் ஐ9, 14900கேஎஃப். கிராபிக்ஸ் கார்ட்: ஏஎம்டி ரேடியான் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி. புதிய மதர்போர்ட், புதிய ரேம். கீழே, ஒளிரும் மின்குமிழ்கள் பொருத்திய பெட்டி ஒன்று. வீட்டிலுள்ள பழைய கணினியை "அது இனி ஒண்டுக்கும் உதவாது" என்று கழித்துவிட்டாராம்.

அடுத்து மாமனின் அன்பளிப்பு. அவர் தாம் பாவித்த என்விடியா ஆர்டிஎக்ஸ் 3090 கார்டை மாற்றப்போகிறார். ஊர் வரும்போது பயணப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து தருவதாகச் சொல்கிறார், இலவசமாக. 2020 செப்டெம்பரில் வெளிவந்தபோது அந்தக் கார்டுக்கு அமெரிக்காவில் 1,499 டொலர் விலை. யாருக்குத்தான் ஆசை வராது?

இரண்டு யோசனையும் பிழை என்பதே என் முடிவு. ஏன் பிழை என்பதை எனக்குத் தெரிந்த தொழிலைக் கொண்டே விளக்குகிறேன்.

ஒரு பத்திரிகை அலுவலகத்தில் ஆசிரியபீடம் ஒன்று உண்டு, அச்சுக்கூடம் ஒன்று உண்டு. ஆசிரியபீடம் என்ன நடந்தது, எது எந்தப் பக்கத்தில் வரவேண்டும் என்று தீர்மானிக்கும். அச்சுக்கூடம் அதைத் தாளில் பதிக்கும். கணினியில் புரொசசர் ஆசிரியபீடம். எதிரி எங்கே நிற்கிறான், சுட்ட குண்டு பட்டதா இல்லையா, கதவு திறந்ததா என்பதெல்லாம் அதன் கணக்கு. கிராபிக்ஸ் கார்ட் அச்சுக்கூடம். அந்தத் தீர்மானத்தை வாங்கி, திரையிலுள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம் தீட்டுவது அதன் வேலை. ஒரு விநாடிக்கு 60 படங்கள் வேண்டுமென்றால், ஒரு படத்துக்குக் கிடைப்பது ஏறத்தாழ 16.7 மில்லிவிநாடி. அதற்குள் இருவரும் தத்தம் வேலையை முடித்துவிட வேண்டும். ஆசிரியபீடம் பிந்தினால் அச்சியந்திரம் சும்மா நிற்கும். அச்சியந்திரம் பழையதென்றால் ஆசிரியபீடம் எவ்வளவு விரைவாக முடித்தும் பயனில்லை.

வலோரன்ட், கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 போன்ற போட்டி விளையாட்டுகளைச் சாதாரண 1080பி திரையில் விளையாடும்போது பெரும்பாலும் ஆசிரியபீடத்தின் வேகமே முடிவைத் தீர்மானிக்கும். காடும் மலையும் மழையும் ஒளியும் நிறைந்த கதை விளையாட்டுகளை 4கே திரையில் விளையாடினால் அச்சுக்கூடம்தான் திணறும். பொடியனிடம் இருப்பது 1080பி திரை. அவன் விளையாடுவதும் முதல்வகை விளையாட்டுகளே. அதற்கு ஆறு கோர் கொண்ட நடுத்தரப் புரொசசர் ஒன்று தாராளமாகப் போதும்.

"ஆனால் நேரலையும் செய்ய வேணும், தாத்தா. அதுக்குத்தான் ஐ9 எண்டு கடைக்காரர் சொன்னவர்" என்றான் அவன். இங்கேதான் பழைய உண்மையொன்று இன்றைய பொய்யாகிப் போனதைக் கவனிக்க வேண்டும்.

1080பி திரையில் 20 இலட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள். அவை விநாடிக்கு 60 தடவை மாறினால், சுருக்காத நிலையில் விநாடிக்கு ஏறத்தாழ 300 கோடி பிட் தரவு. நேரலைத் தளங்களுக்கு வழக்கமாக அனுப்பப்படுவதோ விநாடிக்கு 60 இலட்சம் பிட் அளவில்தான். அதாவது ஐந்நூறில் ஒரு பங்காகச் சுருக்கிக் கட்ட வேண்டும், ஓடிக்கொண்டிருக்கும்போதே. இதைத்தான் என்கோடிங் என்கிறார்கள். பத்திரிகை மொழியில் சொன்னால் இது பார்சல் கட்டும் பகுதி. முன்னொரு காலத்தில் இந்தப் பகுதிக்குத் தனி ஆள் கிடையாது, ஆசிரியபீடமே எழுந்துபோய்ப் பார்சல் கட்டியது. எக்ஸ்264 என்ற மென்பொருள் புரொசசரின் கோர்களைப் பிடுங்கிக்கொள்ள, விளையாட்டு விக்கியது. ஆகவே அதிக கோர் கொண்ட விலையுயர்ந்த புரொசசரை வாங்கினார்கள். வசதியுள்ளவர்கள் நேரலைக்கென்றே இரண்டாவது கணினியை வைத்திருந்தார்கள். கடைக்காரர் சொன்னது அந்தக் காலத்து நியாயம்.

பிறகு பார்சல் கட்டும் இயந்திரத்தை அச்சுக்கூடத்துக்குள்ளேயே பொருத்தினார்கள். இன்டெல் 2011 இல் தன் புரொசசர்களின் உள்ளமைந்த கிராபிக்ஸ் பகுதியில் குயிக் சிங்க் என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தது. என்விடியா 2012 இல் தன் கார்டுகளில் என்வென்க் என்ற பெயரில் கொண்டுவந்தது. தொடக்கத்தில் கட்டிய பார்சல் கொஞ்சம் கசங்கித்தான் போனது. 2018 இல் வந்த டியூரிங் தலைமுறையோடு அந்தக் குறை பெருமளவு நீங்கிவிட்டது. இன்று ஓபிஎஸ் மென்பொருளில் ஒரு தெரிவை மாற்றினால் போதும், கார்டிலுள்ள தனிப்பகுதி வேலையைப் பொறுப்பேற்கும், புரொசசர் தன்பாட்டில் விளையாட்டைக் கவனிக்கும். நேரலைக்காக ஐ9 வாங்க வேண்டிய தேவை இல்லாமற்போய்ச் சில ஆண்டுகளாகின்றன.

இப்போது கடைக்காரரின் பட்டியலை மீண்டும் பாருங்கள். 2022 ஜனவரியில் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டில் இந்த என்கோடிங் பகுதியே கிடையாது. செலவைக் குறைப்பதற்காக விட்டுவிட்டார்கள். சரி, இன்டெல் புரொசசரின் குயிக் சிங்க் கைகொடுக்குமா என்றால், 14900கேஎஃப் என்ற பெயரின் கடைசி எழுத்தான 'எஃப்' என்பதற்குப் பொருளே உள்ளமைந்த கிராபிக்ஸ் பகுதி இல்லை என்பதுதான். ஆக, நேரலைக்கென்றே விற்கப்பட்ட அந்தக் கணினியில் பார்சல் கட்டும் இயந்திரம் எங்குமே இல்லை. உச்ச வேலையில் 253 வாட் வரை இழுக்கக்கூடிய புரொசசர் ஒன்று, பக்கத்தில் ஒரு சோனிக் கார்ட். கடைக்காரர் ஏமாற்றினார் என்று நான் சொல்லவில்லை. ஐ9 என்ற இரண்டெழுத்துக்கு ஊரில் மதிப்பிருக்கிறது, அதை அவர் விற்கிறார். அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. இன்டெலின் 13 ஆம், 14 ஆம் தலைமுறை மேசைக் கணினிப் புரொசசர்களில் பல, அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தால் நிலைகுலைகின்றன என்பதை அந்நிறுவனமே 2024 இல் ஒப்புக்கொண்டு, திருத்தத்தை வெளியிட்டு, உத்தரவாதத்தையும் இரண்டாண்டு நீட்டியது. வாங்கியே தீர்வேன் என்பவர்கள் மதர்போர்டின் பயோஸைப் புதுப்பித்த பின்னரே விளையாட்டைத் தொடங்க வேண்டும். பட்டியலில் இதைப்பற்றி ஒரு வரியும் இல்லை.

மாமனின் 3090 இதைவிடச் சிக்கலானது. ஏனென்றால் அது உண்மையிலேயே நல்ல கார்ட், அன்போடு தரப்படுகிறது. அன்பளிப்பை வேண்டாம் என்பது எங்கள் ஊரில் சிறு விடயமல்ல. வெளிநாட்டிலிருந்து வரும் எதையும் மறுப்பவன் "பெரிய ஆளாகிவிட்டான்" என்று பெயரெடுப்பான்.

ஆனாலும் கணக்கைப் பார்ப்போம். 3090 இன் மின்தேவை 350 வாட். அதற்கு என்விடியா பரிந்துரைக்கும் பவர் சப்ளை 750 வாட். 2023 இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4060 இன் மின்தேவை 115 வாட். 2025 இல் வந்த 5060 இற்கு 145 வாட். இவ்விரண்டுக்கும் 550 வாட் பவர் சப்ளை போதும். 3090 இற்கும் 4060 இற்கும் இடையிலான வேறுபாடு 235 வாட். முழு வேலையில் நாளுக்கு ஆறு மணிநேரம் ஓடினால் மாதத்துக்கு 42 அலகு மின்சாரம் மேலதிகமாகச் செலவாகும். இலங்கையில் வீட்டு மின்கட்டணம் படிக்கட்டு முறையிலானது என்பதை வெளிநாட்டு உறவுகள் மறந்திருக்கலாம். அலகு கூடும்போது கூடிய அலகுக்கு மட்டுமன்றி, ஏறும் படிக்கே விலை உயரும். தமக்கையின் வீட்டுக் கட்டணம் ஒரே மாதத்தில் ஒரு படி ஏறிவிடும். இலவசக் கார்டுக்காக 750 வாட் பவர் சப்ளை, அதைத் தாங்கும் பெரிய யூபிஎஸ், மாதாமாதம் மின்கட்டணம் என்று மூன்று செலவுகள் முளைக்கின்றன.

யூபிஎஸ் எதற்கு என்று கேட்பவர், ஊரைவிட்டுப் போய் நீண்டகாலமானவராக இருக்க வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்வெட்டு இருந்தது. அந்நிலை மாறிவிட்டது உண்மைதான். எனினும் மின்கம்பி நீண்டு வந்து முடியும் தீவுகளில் மாலையில் மின்குமிழ் மங்குவதும், காற்று வீசினால் மின் போய் வருவதும் இன்னும் வீட்டுக் கதைதான். எங்களுக்குத் தாம்போதி வழியாகக் கம்பியாவது வருகிறது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் தேசிய வலையமைப்போடு இணையாமல் நெடுங்காலம் டீசல் பிறப்பாக்கிகளையே நம்பியிருந்தவை. அத்தீவுகளுக்கான காற்று, சூரிய மின் திட்டம் 2021 இல் சீன நிறுவனமொன்றுக்குக் கொடுக்கப்பட்டு, இந்தியாவின் ஆட்சேபத்தால் நின்று, 2022 மார்ச்சில் இந்திய நன்கொடைத் திட்டமாக மாறி, ஒப்பந்தம் கைச்சாத்தாக 2024 மார்ச் ஆயிற்று. தீவுக்கு வரும் ஒரு வாட் மின்சாரத்துக்கும் ஒரு வெளிநாட்டுக் கொள்கை இருக்கிறது என்று அப்போது நண்பர் ஒருவர் பகிடி விட்டார்.

650 விஏ என்று எழுதியிருக்கும் சிறு யூபிஎஸ் உண்மையில் தரக்கூடியது 360 முதல் 390 வாட் வரைதான். 4060 உம் 65 வாட் புரொசசரும் திரையும் அதில் அடங்கும். சேமித்து மூடுவதற்கு ஐந்து நிமிடம் கிடைக்கும். 3090 ஐ அதில் மாட்டினால் மின் போன அந்தக் கணமே யூபிஎஸ் கத்தி விழும். இருக்கும்போது எரிவதைவிட, போகும்போது எப்படிப் போகிறது என்பதே இங்கே கணினியின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

(சொந்தக் கதையொன்று. 2022 செப்டெம்பரில் எதிரியம் நாணயத்தை கார்டுகளால் தோண்டும் முறை நின்றுபோனதும், இரவுபகலாக ஓடித் தேய்ந்த கார்டுகள் சந்தைக்கு வந்து குவிந்தன. அடுத்த ஆண்டு ஒரு மருமகனுக்காக நான் வாங்கிய 'புத்தம் புதிய' கார்டின் திருகாணிகளில் நிறம் உரிந்திருந்தது. கண்டும் கேட்காமல் காசைக் கொடுத்தேன். நான்கு மாதத்தில் விசிறி நின்றது. நாற்பதாண்டு கேள்வி கேட்டே பிழைத்தவன், ஒரு கடையில் கேள்வி கேட்கக் கூச்சப்பட்டேன்.)

எல்லாவற்றையும்விட முக்கியமான விடயத்துக்கு இப்போதுதான் வருகிறேன். பார்சலைக் கட்டியாயிற்று, கொண்டுபோகப் பேருந்து வேண்டுமே. வீட்டில் இருப்பது 4ஜி ரவுட்டர். பொடியனைக்கொண்டு மூன்று நாள் வேகத்தைச் சோதிக்கச் சொன்னேன். காலையில் பதிவேற்ற வேகம் 9 மெகாபிட். ஊரே கைபேசியைப் பிடித்திருக்கும் இரவு எட்டு மணிக்கு 4. சில வேளை 3. தரவிறக்க வேகத்தைத்தான் எல்லோரும் விளம்பரத்தில் பார்க்கிறோம். நேரலைக்கு அது ஒரு பொருட்டல்ல. 4 மெகாபிட் கிடைக்கும் இடத்தில் மூன்றுக்கு மேல் அனுப்பக்கூடாது, அனுப்பினால் படம் துண்டு துண்டாக நிற்கும். அத்தோடு அளவுக்கட்டுப்பாடு: 6 மெகாபிட் வேகத்தில் ஒரு மணிநேர நேரலைக்கு 2.7 ஜிபி தரவு செலவாகும். நாளுக்கு மூன்று மணிநேரம் என்றால் மாதத்துக்கு 243 ஜிபி. இது பதிவேற்றத்துக்கு மட்டும்.

ஆகவே இறுப்பிட்டியில் கார்டைத் தெரிவு செய்யும்போது, அது எத்தனை படம் அச்சிடும் என்பதைவிட, எவ்வளவு சிறிதாகவும் கசங்காமலும் பார்சல் கட்டும் என்பதையே முதலிற் பார்க்க வேண்டும் என்பது என் வாதம். ஏவி1 என்றொரு புதிய சுருக்கமுறை வந்திருக்கிறது. அதே தெளிவைக் கணிசமாகக் குறைந்த தரவில் அனுப்ப அது உதவும். யூடியூப் நேரலைக்கு 2023 முதல் ஓபிஎஸ் வழியாக அதை அனுப்ப முடிகிறது. இந்த முறையில் கட்டும் பகுதி என்விடியாவின் 40 ஆம் வரிசைக் கார்டுகளில் இருந்துதான் உண்டு. ஏஎம்டியின் 7000 வரிசையிலும், இன்டெலின் ஆர்க் கார்டுகளிலும் உண்டு. மாமனின் 3090 இல் இல்லை. ஏவி1 காணொளியைப் பார்க்க அதற்குத் தெரியும், கட்டத் தெரியாது. சூரிச்சில் வீட்டுக்கு வீடு கண்ணாடி இழை இணைப்பு இருக்கும்போது அது குறையே அல்ல. இங்கே 4 மெகாபிட் மாலைப்பொழுதில் அதுதான் எல்லாம். இந்த ஒரு வேலைக்கு, பாதிக்கும் குறைந்த விலையுள்ள 4060 தன் மூத்த அண்ணனைவிட மேலானது.

4060 இலும் குறை உண்டு, மறைக்கவில்லை. 8 ஜிபி நினைவகம்தான். புதிதாக வரும் பாரமான விளையாட்டுகள் அந்த எல்லையை முட்டத் தொடங்கிவிட்டன. படத்தின் விவரங்களைக் குறைத்து விளையாட வேண்டியிருக்கும். பொடியனிடம் இதைச் சொன்னேன். "வலோரன்டுக்கு அது காணும் தாத்தா" என்றான்.

இனி, 'ஒண்டுக்கும் உதவாத' பழைய கணினி. திறந்து பார்த்தோம். 2020 இல் கொரோனாக் கால இணைய வகுப்புக்காக வாங்கியது. ஏஎம்டி ரைசன் 3 3200ஜி புரொசசர், பி450 வகை மதர்போர்ட், 16 ஜிபி டிடிஆர்4 ரேம். கழித்துவிட எதுவுமே அதில் இல்லை. ஏஎம்4 என்ற அந்தப் பொருத்தியில் 2017 முதல் ஏஎம்டி புரொசசர்களை விட்டுவந்திருக்கிறது. பயோஸைப் புதுப்பித்தால் அதே பலகையில், 2022 இல் வந்த ஆறு கோர் ரைசன் 5 5600 உட்காரும். 65 வாட்தான். நான்கு கோரை எடுத்துவிட்டு ஆறு கோரை வைக்க அரைமணி நேரம். பலகையும் ரேமும் மிச்சம். 2025 இன் பிற்பகுதியில் செயற்கை நுண்ணறிவுத் தரவு நிலையங்கள் நினைவகச் சிப்புகளை அள்ளிக்கொண்டதால் ரேம் விலை எப்படி ஏறியது என்பதை அறிந்தவர்களுக்கு, கையிலுள்ள 16 ஜிபியின் அருமை தெரியும்.

ஒரு நுணுக்கமும் இருக்கிறது. இந்தப் பலகையின் கார்டுத் துளை மூன்றாம் தலைமுறை பிசிஐஇ. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி நான்கு வழித்தடங்களை மட்டுமே பாவிப்பது. பழைய பலகையில் போட்டால் அதன் பாதை பாதியாகி வேகம் வெளிப்படையாகவே விழும். 4060 எட்டு வழித்தடம் கொண்டது, இழப்பு சிறிதுதான். மலிவுக் கார்ட் பழைய கணினிக்குப் பொருத்தம் என்று பொதுவாக நினைக்கிறோம். இங்கே கதை மறுதலை.

கூட்டிப் பார்த்தோம்: புரொசசர், கார்ட், தரமான 550 வாட் பவர் சப்ளை, யூபிஎஸ். கடைக்காரரின் தொகையில் ஏறத்தாழ அரைவாசி. நான் இதில் பவர் சப்ளையில் மட்டும் சிக்கனத்துக்கு இடங்கொடுக்கவில்லை. பெட்டியோடு இலவசமாக வரும் பெயரில்லாப் பவர் சப்ளை கெட்டால் தனியாகக் கெடுவதில்லை, கூட இருப்பவற்றையும் அழைத்துக்கொண்டு போகும்.

இதை வாசிக்கும் சிலர், விளையாட்டுக்குப் போய் இவ்வளவு ஆராய்ச்சியா என்று கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். நேரலையால் உடனே சம்பாதிக்கலாம் என்று நான் நம்பவில்லை. யூடியூபில் விளம்பர வருமானத்துக்குத் தகுதி பெறவே 1,000 சந்தாதாரர்களும் ஓராண்டில் 4,000 மணிநேரப் பார்வையும் வேண்டும். அந்தப் படியைத் தாண்டாமலே நின்றுவிடுபவர்கள்தான் மிகப் பெரும்பாலோர். இதைத் தாயின் முன்னிலையிலேயே அவனிடம் சொன்னேன். அவன் மறுக்கவில்லை. ஆனால் தாய் சொன்ன ஒன்று என்னை நிறுத்திவிட்டது: "சங்கிலியை ஏஜென்சிக்காரனுக்குக் குடுக்கிறதிலும் பார்க்க இதுக்குக் குடுக்கிறன் மாமா. இது பிழைச்சாலும் பிள்ளை வீட்டிலை நிப்பான்."

எங்கள் தீவில் எத்தனை சங்கிலிகள், எத்தனை காணித் துண்டுகள், பிள்ளைகளை வெளியே அனுப்புவதற்காக அடைவுக்குப் போயின என்பதை நானே ஒரு காலத்தில் செய்தியாக எழுதியவன். போவதற்காக அல்லாமல் இருப்பதற்காக அடைவுக்குப் போகும் சங்கிலியை இப்போதுதான் காண்கிறேன். அந்தக் காசு ஐ9 என்ற இரண்டெழுத்துக்குப் போய்விடக்கூடாது என்பதுதான் என் அக்கறை.

தவிரவும், கணினி விளையாட்டுக்கு மட்டுமானதல்ல. சென்ற ஆண்டு ஊர்க் கோயில் தேரைக் கைபேசியில் நேரலையாகக் காட்டியவன் இவனே. பாரிசிலும் சூரிச்சிலும் அதிகாலையில் எழுந்திருந்து பார்த்தவர்கள், தேர் இருப்புக்கு வருமுன்னரே படம் நின்றுபோனதைச் சொல்லிச் சொல்லி அங்கலாய்த்தார்கள். அதே ஓபிஎஸ், அதே கார்ட், இரண்டு கமரா இருந்தால் அது வேறு தரத்தில் நடக்கும். விளையாட்டில் பழகும் கை, திருமணத்துக்கும் தேருக்கும் உதவும். எங்கள் காலத்தில் துவிச்சக்கரவண்டியின் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். பயிற்சிக்கொப்பித் தாளில் பத்திரிகை அச்சடித்தோம். கையிலிருப்பதற்கு ஏற்பக் கருவியைத் தேர்வது இந்த மண்ணுக்குப் புதிதல்ல.

கடல் காற்றை மறந்துவிட்டேன். சோளகம் வீசும் மாதங்களில் உப்பு, ஜன்னல் கம்பியைத் தின்பதுபோல் கார்டின் அலுமினியத் தகடுகளையும் தின்னும். கணினியை ஜன்னலோரத்திலிருந்து உள்ளறைக்கு மாற்றச் சொன்னேன். மாதம் ஒருமுறை தூரிகையால் தூசு தட்ட வேண்டும், ஈரத் துணி ஆகாது. ஐப்பசி இடிமுழக்கத்தில் சொருகியைக் கழற்றிவிட வேண்டும், ரவுட்டரையும் சேர்த்து. யூபிஎஸ் இடியைத் தாங்கும் என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம்.

சுவிசிலுள்ள மருமகனோடு நானே தொலைபேசியில் பேசினேன். முதலில் மனம் நொந்தார். "மாமா, சும்மா குடுக்கிறதை வேண்டாம் எண்டுறியளோ?" என்றார். மின்கட்டணக் கணக்கையும் ஏவி1 கதையையும் சொன்னதும் சற்றுநேரம் பேசவில்லை. பிறகு, 3090 ஐ அங்கேயே விற்றுவிட்டு, வரும் காசில் கார்டை யாழ்ப்பாணத்திலேயே வாங்கித் தருவதாக ஒப்புக்கொண்டார். இங்கே வாங்கினால் உத்தரவாதம் இங்கேயே செல்லும், பழுதானால் ஆகாயவழியில் அனுப்பத் தேவையில்லை. கார்ட் வாங்கும் நாளில் நானும் கூடப் போவதாக இருக்கிறேன். திருகாணிகளைப் பார்க்க வேண்டும்.

சங்கிலி இன்னும் கழுத்தில்தான் இருக்கிறது. புரொசசருக்கும் பவர் சப்ளைக்கும் யூபிஎஸ்ஸுக்கும் ஒரு சோடிக் காப்பு மட்டும் திங்கட்கிழமை அடைவுக்குப் போயிற்று.